ஆதனும் அவன் தோழனும்

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் இளையரசனேந்தல். ஏந்தல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் நீர்நிலையைக் குறிக்கும் சொல். வானம் பார்த்த பூமியில் நீரை ஏந்தி வைக்கும் இடத்தைவிடப் பெருமை உடையது வேறு என்ன? ஆதலின் அதுவே ஊருக்குப் பெயராயிற்று. முன்னர்ச் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இந்நூற்றாண்டில் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பெற்றது. வட்டம் மாறிற்று, மாவட்டமும் மாறிற்று, ஊரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருவர் எவ்வூரைச் சேர்ந்தவர் என்பதைப் பதிவேடு ஒருவாறு சொல்லும்; அவர் உள்ளம் வேறொருவாறு சொல்லும்.

இவ்வேறுபாட்டைப் பெரியோரினும் சிறுவரே நன்கு அறிவர். விடுமுறைக்கு உறவினர் ஊருக்குச் சென்ற சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. வீட்டில் உண்டி உண்டு, உறவும் உண்டு, ஆயினும் தெருவில் அவன் அயலான். பிற சிறுவர் கூடி ஆடுவதைத் திண்ணையில் அமர்ந்து பார்த்திருப்பான். ஆட்டத்திற்கு ஓர் ஆள் குறையுங்கால் எவனேனும் ஒருவன் ‘நீயும் வா’ என்று அழைப்பான். அந்த ஒரு சொல்லிலேயே ஊர் முழுவதும் அவனுடையதாகிவிடும். அச்சொல் பிறவாத ஊரில் எத்தனை நாள் தங்கினும் அவன் விருந்தினனே.

இத்தகைய சிறுவன் ஒருவனை வைத்துப் புனையப்பெற்ற குறும் புதினமே ‘ஆதனின் பொம்மை’ என்பது. இதனை இயற்றியவர் கோவில்பட்டியைச் சேர்ந்த எழுத்தாளர் உதயசங்கர். தொடர்வண்டி நிலைய அதிபராகப் பணியாற்றியவர், சிறுகதை வல்லவர், மலையாள மொழியிலிருந்து சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழில் பெயர்த்தவர். சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்திற்கென 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் என்னும் விருது, 2023 ஆம் ஆண்டில் தமிழ்மொழிக்கென இந்நூலுக்கு அளிக்கப்பெற்றது.

கதை சுருங்கச் சொல்லத்தக்கது. இக்காலச் சிறுவன் ஒருவன் விடுமுறையில் கீழடிக்கு வருகிறான். அங்கே அவன் கைக்கு ஒரு பொம்மை வந்து சேர்கிறது. அப்பொம்மையின் வழியாக, 2600 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தே வாழ்ந்த ஆதன் என்னும் சிறுவன் அவனுக்குத் தோழனாகிறான். மண்ணுக்குள் புதைந்துபோன பழைய நகரம் அத்தோழமையினால் மீண்டும் உயிர்பெற்று எழுகின்றது. இவ்வளவே கதை. இனிச் சொல்ல வேண்டுவது, இக்கற்பனை எதன்மேல் எழுப்பப்பட்டது என்பதே.

கீழடி, சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்த் தொலைவில், வையைக்கு அண்மையில் உள்ளது. பள்ளிச்சந்தைத் திடல் எனப்படும் தென்னந்தோப்பு மேடு அங்கே 110 ஏக்கர் அளவில் பரந்து கிடக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2014-15 ஆம் ஆண்டுப் பருவத்தில் அதனை அகழத் தொடங்கியது. நான்காம் கட்டம் முதலாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை ஏற்று நடத்தியது. செங்கற்கட்டடங்களும், உறைகிணறுகளும், நூல் நூற்கும் தக்களிகளும், அணிகலன்களும், கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் வெளிப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க நாட்டு ஆய்வகத்தில் ஆராய்ந்தபோது, அது கி.மு. 580 ஐச் சார்ந்தது எனத் தெரியவந்தது. இச்செய்தி 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கையில் காணப்படும். கதையில் வரும் 2600 ஆண்டு என்னும் கணக்கு இக்கரித்துண்டு தந்த கணக்கேயாகும். அம்மண்ணடுக்குகளில் கிடைத்த எழுத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

பெரியோர்க்குக் கட்டடம் பெரிது. சிறுவர்க்கு வேறொன்று பெரிது. கீழடியில் விளையாட்டுப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பகடைக் காய்கள் உண்டு. சுடுமண்ணாற் செய்த மனித உருவங்களும் விலங்குருவங்களும் உண்டு. உடைந்த பானையை வீசி எறியாமல் அதன் ஓட்டைக் கல்லில் உரைத்து உரைத்து வட்டமாக்கிய கை எவ்வளவு சிறியதாய் இருந்திருக்கும்! கரிசற் சீமைத் தெருக்களில் கோடு கிழித்துச் சில்லு எறிந்து நொண்டியாடும் சிறுமியர்க்கு அவ்வோட்டின் பயனை விளக்க ஆசிரியர் எவரும் வேண்டுவதில்லை.

ஆதன் என்னும் பெயரும் ஆசிரியர் தம் கற்பனையிற் பிறந்ததன்று. கீழடியில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 2018 ஆம் ஆண்டு அகழாய்வில் மட்டும் 56 கிடைத்தன. அவற்றுள் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்னும் பெயர்கள் வாசிக்கப்பெற்றன. ஆதன் என்பது பழந்தமிழர் விரும்பி இட்ட பெயர். சேர மன்னருள் செல்வக் கடுங்கோ வாழியாதனும் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனும் அப்பெயர் தாங்கியவர். ஆனால் கீழடி ஓட்டில் உள்ள ஆதன் அரசனா, வணிகனா, குயவனா, ஆண்டில் மூத்தவனா, இளையவனா என்பதை ஓடு சொல்லவில்லை. பெயர் உண்டு, ஆள் இல்லை. இவ்விடத்தில் வரலாறு வாய் மூடிக்கொள்கிறது. கதை வாய் திறக்கிறது. ஆதனைச் சிறுவனாக்கிக் கையில் பொம்மையைக் கொடுத்தது கதையாசிரியரின் உரிமை. அதனை வரலாறு என்று எண்ணிவிடாமல் இருத்தல் படிப்பவரின் கடமை.

ஓட்டில் எழுதியவர் ‘ஆதன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். குலமும் கிளையும் அங்கே எழுதப்படவில்லை. நம் ஊர்களில் புதிய சிறுவனைக் கண்டால், பெயர் கேட்ட வாயோடு ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பர். அவ்வினா பலகால் அன்பினால் எழுவது. சிலகால் அளந்து பார்ப்பதற்கு எழுவது. எவன் வீட்டுத் திண்ணைவரை வரலாம், எவன் தெருமுனையோடு நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கேள்வியாகவும் அது இருந்ததுண்டு. இருக்கும் இடங்களும் உண்டு. 2600 ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் தோழனிடம் அவ்வினாவைக் கேட்டுப் பயனில்லை. அவன் வீடே மண்ணாகிவிட்டது. பெயர் ஒன்றே அவன் கொண்டுவரும் செல்வம்.

இந்நூல் கரிசல் மண்ணிலிருந்து வந்தது வியப்பன்று. கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள இடைசெவல் என்னும் சிற்றூர் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தமிழுக்குத் தந்தது. அழகிரிசாமி எழுதிய ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் சிறுகதையில் மாயம் எதுவும் இல்லை. தீபாவளி வேளையில் ஏழைத்தாய் ஒருத்தியின் குடிசைக்குப் பெற்றோரற்ற சிறுவன் ஒருவன் கந்தலோடு வருகிறான். அவ்வீட்டில் இருப்பதே போதாது. ஆயினும் அவள் அவனையும் தன் மக்களோடு குளிப்பாட்டி, உடுத்த ஒரு துணியும் தேடிக் கொடுக்கிறாள். அவன் பெயர் ராஜா. அயலான் ஒருவன் நம்மவன் ஆகும் அந்தக் கணத்தை மாயம் இல்லாமலும் காட்டலாம் என்பதற்கு அக்கதை சான்று. மாயத்தோடு காட்டலாம் என்பதற்கு இப்புதினம் சான்று. இரண்டுள் முன்னதே எழுதுவதற்கு அரியது என்பது மறுக்கவொண்ணாது. பின்னது சிறுவரை விரைந்து ஈர்க்கும்.

மாயக்கதைகள் பிள்ளைகளைப் பொய்யிற் பழக்கும் என்றும், அவை மேனாட்டு வரவு என்றும் கூறுவார் உளர். மேனாட்டு வரவு என்பது தமிழ்நூல்களைப் புரட்டிப் பாராதார் கூற்று. மணிமேகலைக் காப்பியத்தில் சக்கரவாளக் கோட்டத்துத் தூணில் அமைந்த கந்திற்பாவை வாய் திறந்து பேசும். நடந்ததையும் நடக்கவிருப்பதையும் சொல்லும். மணிபல்லவத் தீவில் உள்ள பீடிகையைக் கண்ட அளவில் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு விளங்கிவிடும். விக்கிரமாதித்தன் அரியணையின் படிகளில் நின்ற முப்பத்திரண்டு பதுமைகளும் போசராசனை மறித்துக் கதை கூறிய செய்தியைப் பாட்டிமார் வாயிலாகக் கேளாதவர் யார்? பாவை ஒன்று காலத்தின் கதவைத் திறந்துவிடுதல் நம் மரபில் வழிவழி வந்த கற்பனையே.

பொய் என்னும் குற்றச்சாட்டைப் பற்றிச் சிறிது ஆராய வேண்டும். ஏமாற்றுவதற்காகச் சொல்வது பொய். கேட்பவனும் சொல்பவனும் உடன்பட்டுப் புனைந்துகொள்வது விளையாட்டு. மணலைச் சோறென்று படைக்கும் சிறுமி எவரையும் வஞ்சிக்கவில்லை. மணலை அவள் உண்பதும் இல்லை. ஆயினும் இவ்வகை நூல்களுக்கு ஓர் இடர் உண்டு. பழம்பெருமை பேசத் தொடங்கினால் நாவுக்கு ஓய்வு இராது. கீழடி என்றவுடன் மார்தட்டும் வழக்கம் பெரியோரிடையே பரவியிருக்கிறது. பழைய நகரத்தை வெற்றிப் பொருளாகக் காட்டாமல் ஒரு சிறுவனின் வீடாகவும் தெருவாகவும் காட்டத் துணிந்ததே இப்புதினத்தின் சிறப்பு. நம் முன்னோர் உயர்ந்தவர் என்று கேட்கும் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். நம்மைப் போலவே ஒருவன் இங்கே சில்லு ஆடினான் என்று கேட்கும் பிள்ளையோ குனிந்து அந்த ஓட்டைக் கையில் எடுக்கும்.

பிறமொழியிலும் இதனை ஒத்த நூல் ஒன்று உண்டு. ஆங்கில நாட்டு எழுத்தாளர் பிலிப்பா பியர்ஸ் 1958 இல் எழுதிய ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’ என்பது அது. தம்பிக்கு மணல்வாரி நோய் கண்டமையால் டாம் என்னும் சிறுவன் உறவினர் வீட்டிற்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவனுக்குத் துணை எவரும் இல்லை. ஒருநாள் நள்ளிரவில் கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கிறது. பின்கதவைத் திறந்தால், பகலில் இல்லாத பெருந்தோட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பழங்காலத்துச் சிறுமி ஒருத்தி உலாவுகிறாள். அவளும் பெற்றோரை இழந்து, அண்டியிருந்த வீட்டில் அன்பு பெறாது வளர்பவள். இருவரும் தோழராகின்றனர். அச்சிறுமியே இப்போது மாடியில் குடியிருக்கும் மூதாட்டி என்பது முடிவில் தெரியவருகிறது. டாம் ஓடிச்சென்று அவரைத் தழுவிக்கொள்கிறான்.

இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு வேற்றுமை புலனாகும். டாமுக்கும் அவன் தோழிக்கும் இடையே இருந்தது ஒரு மனிதரின் ஆயுட்காலம். ஆதலின் அவர்கள் பகலிலும் சந்திக்க முடிந்தது. ஆதனுக்கும் அவன் தோழனுக்கும் இடையே கிடப்பதோ நூறு தலைமுறைக் காலம். மாடிப்படி ஏறிச் சென்று கைபற்ற இயலாது. எஞ்சியிருப்பது ஒரு பொம்மை. ஓட்டில் ஒரு பெயர்.

காணாமலே நட்புக்கொள்ளுதல் தமிழர்க்குப் புதியதன்று. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரில் இருந்த புலவரும் ஒருவரை ஒருவர் பாராமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, நண்பர் வருவார் என்று சொல்லி அவருக்கும் இடம் ஒதுக்கச் செய்தான். உடனிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார். திருக்குறளில் நட்பு என்னும் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், பழகாமலே உணர்ச்சி ஒத்தலால் விளையும் நட்புக்கு இவ்விருவரையே சான்றாகக் காட்டினார். சோழநாட்டானுக்குப் பாண்டிநாட்டான் அயலான் என்று எவரும் அவர்களைப் பிரிக்க இயலவில்லை.

அப்புலவர் பெயர் பிசிராந்தையார். ஆந்தை என்றவுடன் மாணவர் சிலர் நகைப்பர். அது பறவையின் பெயரன்று. சாத்தன் தந்தை சாத்தந்தை எனவும், கொற்றன் தந்தை கொற்றந்தை எனவும் வருதல் பண்டை வழக்கு. ஆதன் என்பதும் பூதன் என்பதும் தந்தை என்னும் சொல்லோடு சேருங்கால் மேலும் சுருங்கி ஆந்தை, பூந்தை என நிற்கும் எனத் தொல்காப்பியம் விதி கூறும். எனவே ஆந்தை என்பது ஆதனுக்குத் தந்தை என்று பொருள்படும். காணா நட்புக்கு இலக்கணமாய் நின்ற பெரும்புலவர் மகன் பெயராலேயே வழங்கப்பெற்றார்.

ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாதது எவ்வாறு என்று தம்மைக் கேட்டவர்க்கு அப்புலவர் கூறிய விடை புறநானூற்றில் உள்ளது. மனைவியின் மாண்பும் மக்களின் அறிவு நிறைவும் அவர் முதற்கண் சொன்ன காரணங்கள். அம்மக்களுள் ஒருவன் ஆதன்.