கதிர்வீச்சோடு ஆன்டிபாடி ஊசி: புதுக்கோட்டைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் என்று உறுதியானதும் டாக்டர், "கரன்ட் வைக்கணும்" என்கிறார், அதாவது கதிர்வீச்சு. சிலரிடம், "கூடவே வாரம் ஒரு ஆன்டிபாடி ஊசியும் போடலாம்" என்கிறார். உடனே நகையை அடகு வைக்கக் கிளம்பாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஏழைக்கும் முறையான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காக எழுந்தது. இந்த வழிகாட்டி வலியுறுத்துவதும் அந்த முறையைத்தான்: கதிர்வீச்சை நாள் தவறாமல் முடிப்பதே முதல் கடமை, ஊசி அதற்குத் துணை.

1. இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன?

கதிர்வீச்சு, புற்றுநோய் செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. செல் அதைப் பழுது பார்த்து மீண்டும் வளரப் பார்க்கும். அதற்கான கட்டளையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம், தலை–கழுத்துப் புற்றுநோய் செல்களின் மேல் நிறைய இருக்கும். செடுக்சிமாப், நிமோடுசுமாப் ஆகிய ஆன்டிபாடிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பூட்டுக்குள் ஈர்க்குச்சி ஒடிந்து அடைத்துக்கொண்டால் சாவி நுழையாது; அப்படித்தான் கட்டளை தடைபடுகிறது.

துர்வாலுமாப், பெம்ப்ரோலிசுமாப் வேறு வகை. நம் வெள்ளணுக்கள் தாக்காதபடி கட்டி போடும் தடையை இவை நீக்குகின்றன.

2. எந்தப் புற்றுநோய்க்கு எந்த ஊசி?

தலை–கழுத்து: 424 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 29 மாதம். செடுக்சிமாப் சேர்த்தவர்களுக்கு 49 மாதம். கியூபாவில் உருவான நிமோடுசுமாப், 2006-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மும்பை டாடா மருத்துவமனை 536 பேரிடம் அதை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கதிர்வீச்சு இரண்டோடும் சேர்த்துப் பார்த்தது. நோய் கூடுதல் காலம் கட்டுப்பட்டிருந்தது.

நுரையீரல்: அறுவை செய்ய முடியாத மூன்றாம் நிலையில், கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு ஓராண்டு வரை துர்வாலுமாப் தருகிறார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர். ஊசி போடாதவர்களில் 33.

கருப்பைவாய்: முற்றிய நிலையில் கீமோ, கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது, மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 75-லிருந்து 83-ஆக உயர்ந்தார்கள்.

3. உங்களுக்குத் தேவையா?

விலை கூடியது என்பதால் ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது. தலை–கழுத்துக்கு இன்றும் முதல் துணை, விலை மலிந்த சிஸ்பிளாட்டின்தான். ஹெச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில் அதற்குப் பதிலாக செடுக்சிமாப் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சிஸ்பிளாட்டின் பெற்றவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள். சிறுநீரகமோ காதோ சிஸ்பிளாட்டினைத் தாங்காதவர்களுக்கே செடுக்சிமாப் பெரும்பாலும் பயன்படுகிறது.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்:
- எனக்கு சிஸ்பிளாட்டின் கொடுக்கலாமா, கூடாதா? கூடாதென்றால் ஏன்?
- இந்த ஊசி அதோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா?
- எத்தனை ஊசி, மொத்தச் செலவு எவ்வளவு?
- முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும், எது வராது?

4. தொடங்கும் முன்

முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு எளிதில் ஆறாது. புகையிலை, பீடி, மதுவை அன்றே விடுங்கள்.

அடுத்து முகமூடி. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்துவார்கள். சில நிமிடத்தில் அது உங்கள் முக வடிவில் இறுகிவிடும். தினமும் அதை மாட்டி, தலை அசையாமல் படுக்க வேண்டும். மூச்சு விடத் தடை இருக்காது.

தஞ்சாவூரோ மதுரையோ, எங்கே சிகிச்சை என்று முடிவானதும் பக்கத்திலேயே தங்க ஏற்பாடு செய்யுங்கள். அறந்தாங்கியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ தினமும் பஸ்ஸில் போய் வந்தால் மூன்றாம் வாரத்தில் உடம்பு ஓய்ந்துவிடும்.

5. சிகிச்சை நடக்கும் வாரங்கள்

தலை–கழுத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறேழு வாரம், வழக்கமாக 33 முதல் 35 முறை கதிர்வீச்சு. ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான். ஊசியை வாரம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். முதல் ஊசியின்போது குளிரோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இடையில் நாட்களை விட்டால் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகும். திருவிழா, கல்யாணம் எதற்காகவும் நிறுத்தாதீர்கள்.

வாய்ப்புண் வரும். காரமில்லாத கஞ்சி, மோர், வேகவைத்த முட்டை கொடுங்கள். எடை குறைந்தால் மூக்கு வழிக் குழாய் போடச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். செடுக்சிமாபால் முகத்தில் பரு போல எழும்பினால், கடையில் பருக் களிம்பு வாங்கித் தடவாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

6. எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சல், தண்ணீர்கூட விழுங்க முடியாமை, ரத்தம் வருதல், மூச்சுத்திணறல்: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். துர்வாலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போட்டவர்களுக்கு ஊசி முடிந்து பல மாதம் கழித்தும் வறட்டு இருமல், விடாத வயிற்றுப்போக்கு வரலாம். அவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், எந்த ஊசி, கடைசியாக எந்தத் தேதியில் போட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

7. முடிந்த பிறகு

சுமார் மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, கட்டி கரைந்ததா என்று பார்ப்பார்கள். வலி இல்லை என்பதற்காக மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். திரும்பி வரும் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், அடுத்த சிகிச்சைக்கு வழி இருக்கும்.