இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு: படிப்பு ஏறுமா?

குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மே, ஜூன் வந்தால் நம்மில் பலர் உள்கடன் கேட்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத்தான். ஏன் என்று கேட்டால், "நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல ரெண்டே டீச்சர், அஞ்சு வகுப்பையும் ஒண்ணா உட்கார வைக்கிறாங்க, என்ன படிப்பு ஏறும்?" என்கிறோம். கடன் வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் சொல்லும் காரணம் சரிதானா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை என்றால் 3 பேர். நம் ஊரில் 25 பிள்ளைகள்தான் என்றால் இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பைப் பார்ப்பது சட்டக் கணக்குப்படி சரியே. பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பதே குறை ஆகிவிடாது. உட்கார வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம்.

சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். பிறகு கோடம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு என்று நகரம் முழுக்க மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அது போனது. 2007இல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. இந்த யோசனை பட்டணத்தில் பிறந்ததல்ல. ஆந்திரத்தில் மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலி, சுற்றுக் கிராமங்களின் சின்னஞ்சிறு பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது. பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்திடம் பட்டணம் பாடம் கேட்டது என்றால் நம்புவோமா? அதுதான் நடந்தது!

அதில் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்று சுவரில் ஏணிப்படி படம் இருக்கும். 1 முதல் 4 வகுப்புப் பிள்ளைகள் கலந்து தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டீச்சரும் கூடவே தரையில். புதுப் பாடம் தொடங்கும் பிள்ளைக்கு டீச்சர் உதவி, கொஞ்சம் தெரிந்த பிள்ளைக்குக் கூடப் படிக்கும் பிள்ளை உதவி. எழுதிப் பார்க்கச் சுவரின் அடியில் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய் இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லா இடத்திலும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டால் எந்த முறையும் வீண். பிறகு முறைகள் மாறின. கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது.

சரி, நம் பிள்ளை எங்கே நிற்கிறது? பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் அசர் என்ற ஆய்வு நடத்தியது. அவர்கள் வழியை நாமும் பின்பற்றலாம். முதலில் தனி எழுத்து, அடுத்து சின்னச் சொல், பிறகு நாலு வரி, கடைசியில் இரண்டாம் வகுப்புப் பாடம் அளவுக்கு ஒரு சின்னக் கதை. பிள்ளை படித்த கதையைப் புத்தகத்தை மூடச் சொல்லி, சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடமா, உண்மையில் படித்ததா என்று அதில் தெரிந்துவிடும். கணக்குக்கு 52இல் 27 போனால் எவ்வளவு என்று கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லுங்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படித்த ஒருவர் உதவட்டும். தப்பாகச் சொன்னால் அடிக்கவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம். கட்டணம் கட்டும் பள்ளிப் பிள்ளையையும் இதே மாதிரி கேட்டுப் பாருங்கள். சீருடையும் டையும் படித்துக் காட்டாது!

பிறகு டீச்சரிடம் பேசலாம். "என் பிள்ளை எப்படிப் படிக்குது?" என்றால் "நல்லா படிக்குதும்மா" என்றுதான் பதில் வரும். "டீச்சர், கதை படிக்குது, ஆனா ஒத்தெழுத்து வந்தா தடுமாறுது. அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பேச்சே வேறு. வீட்டில் நாம் செய்ய வேண்டியதையும் அவர்களே சொல்வார்கள்.

இரண்டு டீச்சரில் ஒருவர் இடம் மாதக்கணக்கில் காலியாக இருந்தால் அது டீச்சரிடம் சண்டை போடும் விஷயமல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தில் வைக்க வேண்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கூட்டம் நடக்கிறதா, நோட்டில் கையெழுத்து மட்டும் சுற்றி வருகிறதா என்பது உறுப்பினராக உள்ள நம் பெண்களுக்கே தெரியும். அங்கே நடக்கவில்லை என்றால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளைக் குறித்து வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தா, சொல்லா, வரியா, கதையா என்று ஒரு சீட்டில் குறித்து ஊக்குநரிடம் கொடுங்கள். பிள்ளை பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்.