பெரிய நாயும் பெரிய பொறுப்பும்



தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகம் புகத் தருமபுத்திரர் மறுத்தார் என்பது மகாபாரதக் கதை. இக்கதையைக் கேட்டு மகிழும் நம்முள் சிலர், தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயரும்போது, லயத்து வாசலைக் காத்த நாயை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். குட்டியாயின் யாரேனும் எடுத்துக்கொள்வர். வளர்ந்த பெரிய நாயை எடுப்பார் இலர், கல்லெறிவாரே உளர். இக்காட்சியை நாம் பன்முறை கண்டு வருந்தியதுண்டு.

கைவிடப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடம் தருவனவே விலங்குக் காப்பகங்கள். சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1958ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டே சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் புளூ கிராஸ் அமைப்பை நிறுவினார். தெருநாய்களைக் கொல்வதற்கு மாறாக, கருத்தடை செய்து அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கும் பணியை அவ்வமைப்பு 1964இல் தொடங்கியது. பெண் நாய் ஏறத்தாழ 63 நாள் கருவுற்றிருந்து பல குட்டிகளை ஈனும் என்பதை அறிந்தால், அப்பணியின் இன்றியமையாமை விளங்கும்.

காப்பகங்களில் நெடுநாள் காத்திருப்பவை பெரும்பாலும் வளர்ந்த பெரிய கலப்பின நாய்களே. வெவ்வேறு இன நாய்கள் கூடிப் பிறந்ததே கலப்பினம். உடல் பெரிதாயின் குணமும் கொடிதாகும் எனக் கருதுதல் தவறு. நாயின் குணம் அது வளர்ந்த முறையையும், பட்ட துன்பத்தையும், பிறவி இயல்பையும் பொறுத்தது. வளர்ந்த நாயிடம் ஒரு நன்மையும் உண்டு. அதன் அளவையும் குணத்தையும் முன்னரே கண்டறியலாம். குட்டியிடம் அஃது இயலாது.

எனினும், இரக்கம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 30 கிலோ எடையுள்ள நாய்க்கு நாள்தோறும் ஏறத்தாழ 400 கிராம் உலர் உணவு தேவை. தடுப்பூசி, மருத்துவச் செலவு ஆகியன வேறு. பெரிய நாய்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அல்லது அதற்குச் சற்று மேலும் வாழும். ஆகவே, முதலாம் ஆண்டு மாணவன் இன்று கொணரும் நாயை, அவன் இடைநிலைப் பள்ளியை முடிக்கும் வரையில் குடும்பம் பேண வேண்டியிருக்கும்.

நாயைக் கொணரும் முன்னர்க் கவனிக்க வேண்டியவை:

1. தோட்ட நிருவாகத்தின் இசைவையும், உள்ளூர் மன்றத்தின் உரிம விதிகளையும் கேட்டறிக.

2. அண்டை வீட்டாரின் சமய உணர்வை மதித்து, நாய் அவர்தம் வாசலுக்குச் செல்லாதவாறு காக்க.

3. புதிய வீடு நாய்க்கு அச்சம் தரும். மூன்று நாளில் அச்சம் தணியும், மூன்று வாரத்தில் பழக்கம் வரும், மூன்று மாதத்தில் வீட்டைத் தன்னதாகக் கொள்ளும் என்பது காப்பகத்தார் கூறும் பொதுக்கணக்கு.

4. களைக்கொல்லியும் எலி மருந்தும் அதற்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சாம்.

5. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் சிறுவர் தொடலாகாது.

வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் காணப்பட்டது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சள் பூசிவிட்டு வீட்டிலிருத்தல் உயிருக்கே கேடாம். அடி வாங்குமே என்றஞ்சிக் கடிபட்டதைப் பெற்றோரிடம் மறைக்கும் பிள்ளைகளும் உளர். பெற்றோர்களே, அவ்வேளையில் சினம் கொள்ளற்க.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குகளை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட மனமுவந்து செய்வதே சிறப்பு. பேண இயலாதெனில் நாயை எடுக்க வேண்டா, அது குற்றமன்று. எடுத்தபின் கைவிடுதலே குற்றம். குடிபெயரும் நாளில் லாரியில் பாத்திரங்களுக்கு இடம் தேடும் நாம், நமக்காக இரவெல்லாம் விழித்திருந்த உயிருக்கும் ஓரிடம் ஒதுக்குவோமாக!

பயிற்சி வினாக்கள்:

1. நாளொன்றுக்கு 400 கிராம் எனின், 30 நாளுக்கு எத்தனை கிலோ உணவு தேவை?

2. நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியவை யாவை?

3. உங்கள் லயத்தில் கைவிடப்பட்ட நாய் உண்டா? அதற்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி யாது? பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.