கொப்பியில் எதை எழுதுவது?

கேள்வி: திருகோணமலை துறைமுகத்தில் வேலை செய்கிறேன், வயது 46. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அண்ணாவுக்கு மாரடைப்பு வந்தது. நான் தினமும் எதைக் குறித்துவைக்க வேண்டும்?

பதில்: முதலில் தேநீரை எழுதுங்கள், தம்பி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் ஐந்து பிளேன்டீ குடித்தால் சீனி மட்டுமே குறைந்தது 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. பலருக்கு இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே கை தானாகச் சீனியைக் குறைக்கும். கருவாடு, சிகரெட் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளவிடுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது.

ஆனால் இரத்த அழுத்தமும் இரத்தச் சீனியும் கொப்பிக்குத் தெரியாது. அரசு ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். உங்களுக்கு இப்படியொரு குடும்ப வரலாறு இருப்பதால் இந்த வாரமே போய்விடுங்கள். நெஞ்சு இறுகினால் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.