மலைத்தோட்டத்தில் கேமிங் மடிக்கணினி

கேள்வி: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பயன்படுத்த, விலை உயர்ந்த கேமிங் மடிக்கணினியை எப்படிச் சோதித்து வாங்குவது?

பதில்: கேமிங் மடிக்கணினியின் வேகம் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல, அதற்குக் கிடைக்கும் மின்சாரத்தையும் பொறுத்தது. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 சிப்புக்குத் தயாரிப்பாளர்கள் 80 முதல் 150 வாட் வரை ஒதுக்கலாம். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. முதல் 5 நிமிட ஓட்டத்தை நம்பவே கூடாது. கனமான விளையாட்டொன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபிரேம் எண்ணிக்கை சரிகிறதா, விசைப்பலகையின் நடுப்பகுதி சுடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேமரன் மலையில், சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா ஊரில் காற்று சற்று மெலிந்தது; அதனால் விசிறி சற்றுக் குறைவாகவே குளிர்விக்கும். ஆனாலும் குளிர் அதை ஈடுகட்டிவிடும். மலைக்குக் கீழே ஈப்போ நகர வெக்கையில் திணறும் கணினிகூட இங்கே தாக்குப்பிடிக்கும். மலையில் அஞ்ச வேண்டியது ஈரத்துக்குத்தான். பனிமூட்டம் புகும் ஜன்னலோரம் கணினிக்கு ஆகாது. மலையிறங்கியதும், குளிர்ந்த கணினியில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். சற்று நேரம் விட்டே இயக்க வேண்டும்.