தசையும் நரம்பும்: யார் எசமான்?

சென்ற வாரம் விடுதியில் சங்க நண்பர் ஒருவர், “நரம்பு ஏவுகிறது, தசை செய்கிறது, எசமானும் ஏவலாளும் போலத்தானே?” என்று என்னைக் கேட்டார். முதுகலை வகுப்பில் கருவளர்ச்சியைப் பயிலும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அடைகாக்கும் பெட்டியில் வைத்த கோழிமுட்டையில், மூன்றாம் நாளளவில் கருவின் சிறகும் காலும் சிறு மொட்டுகளாக அரும்பும். விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞர் ஒருபுறச் சிறகு மொட்டை வெட்டி அகற்றினார். பின்னர்த் தண்டுவடத்தைச் சோதித்தபோது, அப்பக்கத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் மிகக் குறைந்திருந்தன. உறுப்பிலிருந்து தூண்டுதல் கிட்டாமையால் அவை உருவாகவேயில்லை என்று 1934-இல் அவர் முடிவு கூறினார்.

இத்தாலியில் ரீட்டா லெவி-மொந்தால்சினி என்னும் யூதப் பெண்மணி, 1938-ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தவர். படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, இத்தகைய சோதனையை அவர் செய்தார். வளர்ச்சியின் வெவ்வேறு நாட்களில் கருக்களை எடுத்துப் பார்த்தார். நரம்பணுக்கள் தோன்றத்தான் செய்தன, இழைகளையும் நீட்டின, பற்றிக்கொள்ள உறுப்பு இல்லாமையால் பின்னர் மாண்டன!

ஹாம்பர்கர் சினம் கொள்ளவில்லை. தம்மை மறுத்தவரையே அமெரிக்காவுக்கு அழைத்தார். 1947-இல் ரீட்டா செயின்ட் லூயிஸ் நகரம் சேர்ந்தார். இருவரும் கூடி ஆராய்ந்தபின், ரீட்டாவின் கருத்தே சரியென ஹாம்பர்கர் ஏற்றார்.

இன்னொரு வியப்பும் உண்டு. குறையற்ற கருவிலும் இயக்க நரம்பணுக்களில் ஏறத்தாழப் பாதி இயல்பாகவே மடிகின்றன. என் முதல் ஸ்லைடில் மடிந்த அணுக்களைக் கண்டு, சாயம் ஏற்றுவதில் பிழை செய்தேனோ என்று இரண்டு நாள் கலங்கினேன். என் பிழையன்று, அது இயற்கையின் கணக்கு. தசைகள் சுரக்கும் சில புரதங்கள் நரம்பணுக்களுக்கு ஊட்டம்போல் உதவுகின்றன. அளவான அந்த ஊட்டத்தைப் போதிய அளவு பெற்றவை பிழைக்கின்றன. 1976-இல் ஹாலிடேயும் ஹாம்பர்கரும் கோழிக்கருவில் கூடுதலாக ஒரு கால் மொட்டை ஒட்ட வைத்தபோது, மடியவேண்டிய நரம்பணுக்கள் பல உயிர் தப்பின.

ஆகவே நண்பருக்கு என் விடை இது: கட்டளை நரம்பினுடையது, ஆனால் அந்த நரம்பைக் கருவில் வாழவைப்பது தசை. எசமானுக்குச் சோறிடுபவரை ஏவலாள் என்று மட்டும் சொல்லலாகுமா?