மட்டையும் முத்திரையும்

கிரிக்கெட் மட்டையைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுத என்ன இருக்கிறது என்று வினவுவார் உளர். மட்டை தமிழ்ச்சொல், புரவலர் என்பதும் தமிழ்ச்சொல். இவ்விரண்டும் கூடுமிடமே இக்கட்டுரையின் பொருளாதலின், இதனைப் பேச நமக்கும் உரிமை உண்டு.

மட்டை என்னும் சொல் ஓலையின் அடித்தண்டைக் குறிக்கும். பனைமட்டை, தென்னைமட்டை என வழங்குகிறோம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் தென்னைக்குக் குறைவில்லை. காய்ந்து விழுந்த மட்டையின் அகன்ற அடிப்பகுதியை அளவாக வெட்டி, குறுகிய பகுதியைக் கைப்பிடியாகச் செதுக்கினால் சிறுவர்க்கு ஆடுகருவி ஆயத்தம். சித்திரை வீதிகளிலும், கோடையில் நீர் வற்றிய கொள்ளிட மணலிலும் அக்கருவி ஆடாத ஆட்டமில்லை. ‘பேட்’ என்பதற்கு மட்டை எனப் பெயரிட்டவர் அகராதியைப் புரட்டியிரார். தோப்பைப் பார்த்திருப்பார் என்றே கொள்ளலாம். பந்தோ நமக்குப் பழையது. மகளிர் பந்தாடும் காட்சி சங்கப் பாடல்களிலேயே உண்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதியே அமைந்துள்ளது. கோலால் அடித்தாடும் கிட்டிப்புள்ளும் நம்முடையதே. தென்னைமட்டைக்குப் பின்வந்த மட்டைதான் நெடுந்தொலைவிலிருந்து வந்தது.

அம்மட்டை வில்லோ என்னும் மரத்தில் செய்யப்படுவது. இங்கிலாந்தில் ஈரநிலங்களில் வளர்க்கப்பெறும் இம்மரத்தைப் பதினைந்து இருபது ஆண்டுகளில் வெட்டுவர். பிளந்து, உலர்த்தி, இழைக்கோடுகளை நோக்கித் தரம் பிரித்து, எந்திரத்தால் முகத்தை அழுத்துவர். பின்னர்ப் பிரம்பும் ரப்பரும் சேர்த்துச் செய்த கைப்பிடியை ஆப்பு வடிவில் உள்ளே செலுத்திப் பசையிட்டு இணைப்பர். மரம் மென்மையானது, எடை குறைந்தது, அடிபட அடிபட இறுகுவது. காசுமீரத்து வில்லோ சற்றே கனமானது, விலையில் எளியது. அங்கே மட்டைத் தொழில் செழித்திருக்கும் ஊர்களுள் ஒன்றன் பெயர் சங்கம் என்பது தமிழாசிரியர்க்குத் தனி மகிழ்ச்சி தருவது. ஆறுகள் கூடுமிடத்திற்கு வந்த பெயரே அது. புலவர் எவரும் அங்குக் கூடவில்லை. 2021ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஓமன் நாட்டு வீரர்கள் காசுமீர மட்டையுடன் களமிறங்கியபோதுதான் உலக அரங்கில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

நம் நாட்டு மட்டைத் தொழிலின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. பிரிவினைக்கு முன் விளையாட்டுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் சியால்கோட். 1947இல் எல்லைக்கோடு விழ, அங்கிருந்த கைவினைஞருள் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் பெயர்ந்தனர். எஸ்.ஜி. என இன்று நாம் அறியும் நிறுவனம் 1931இல் சியால்கோட்டில் தோன்றி மீரட்டில் வேரூன்றியதே. இன்றும் எல்லையின் இருபுறத்திலும் ஒரே கைத்திறன் இரு நாட்டு வீரர்க்கும் மட்டை செதுக்கித் தருகிறது. இதனை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

மட்டைக்கு இலக்கணமும் உண்டு. 1771இல் இங்கிலாந்தில் ஒருவர் விக்கெட்டையே மறைக்குமளவு அகன்ற மட்டையொடு வந்து நின்றார் என்பர். அதன்பின் அகலம் நாலேகால் அங்குலத்திற்கு மிகலாகாது என வரையறுத்தனர். நீளம் 38 அங்குலத்துள் அடங்க வேண்டும். 1979இல் டென்னிஸ் லில்லி பெர்த் நகரில் அலுமினிய மட்டையொடு ஆட வந்து பெரும்பூசல் விளைத்தார். அலகு மரத்தாலேயே ஆக வேண்டும் என்பது அதனால் விதியாயிற்று. விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்னும் விதி 2017இல் வந்தது. மரத்திற்கு இத்துணை விதி வகுத்தவர்கள், அதன்மேல் ஒட்டும் எழுத்தால் விளையும் மயக்கத்திற்கு என் செய்தனர்?

முத்திரை வந்த வழி

1996 உலகக் கோப்பையில் சச்சின் தெண்டுல்கர் 523 ஓட்டங்கள் எடுத்து முதலிடம் பெற்றார். அப்போது அவர்தம் மட்டையில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, வெற்று மரமே. அதன்பின் எம்.ஆர்.எஃப். என்னும் மூன்றெழுத்து அதில் ஏறிற்று. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிப் பின்னர் டயர் செய்த நிறுவனம் அது. லாரா, ஸ்டீவ் வாஹ், கோலி எனப் பலர் அவ்வெழுத்தைத் தாங்கினர். 2017இல் கோலியுடன் எட்டாண்டுக்கு நூறு கோடி ரூபாய் அளவில் ஒப்பந்தமானது எனச் செய்தித்தாள்கள் எழுதின. 2025இல் சுப்மன் கில்லின் மட்டைக்கும் அவ்வெழுத்து வந்தது. ரோகித் சர்மாவின் மட்டையில் இருந்ததும் இன்னொரு டயர் நிறுவனத்தின் பெயரே. சக்கரமில்லாத கருவியொன்றின்மீது டயர்க்காரர்க்கு இத்துணைக் காதல் ஏன் என்றால், தொலைக்காட்சியில் ஒவ்வொரு பந்துக்கும் கண் மட்டையின்மேல் அன்றோ விழுகிறது!

இங்கு மாணவர் தெளிய வேண்டியது ஒன்று. மட்டையைச் செதுக்குபவர் ஒருவர். அதன்மேல் ஒட்டிய பெயர்க்குரியவர் பெரும்பாலும் மற்றொருவர். புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் தமக்குப் பழகிய தச்சரிடம் மட்டை பெற்று, ஒப்பந்தக்காரரின் தாளை ஒட்டிக்கொள்வது வழக்கம். அத்தாள் கடைவீதியில் தனியாகவும் விற்கிறது. மரத்தின் குறையை அது மறைக்கும். நிறையை அது தராது. தெண்டுல்கரின் மட்டை ஏறத்தாழ மூன்று பவுண்டு எடையுள்ளது என்று கேட்டுத் தாமும் அத்தகையது தேடி வாங்கி, ஒரு மாதத்தில் மணிக்கட்டுக்குத் தைலம் தேடும் இளைஞரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இழைக்கோடு நேராக ஓடுகிறதா, கைப்பிடி இணைப்பில் இடைவெளி உண்டா, தூக்கிப் பிடித்தால் தோளுக்கு ஒத்துவருகிறதா என்று காண்பதே தேர்வு. டென்னிஸ் பந்தில் ஆடுவோர்க்குப் பதினாயிரங்களை விழுங்கும் ஆங்கில வில்லோ வேண்டுவதே இல்லை.

புரவலர் மரபு

பொருள் தருபவர் பெயரைத் தன் கலையில் தாங்குதல் தமிழுக்குப் புதிதன்று. கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபுச் செய்தி. தாயார் சன்னிதிக்கு எதிரே அம்மண்டபத்தை இன்றும் காட்டுவர். நூறு பாட்டிற்கு ஒருமுறை சடையப்ப வள்ளலைப் போற்ற அவர் எண்ணியிருந்தார் என்றும், அவையோர் அது மிகை எனக் கூற ஆயிரத்திற்கு ஒன்றாகக் குறைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்வர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் தம்மைத் தாங்கிய அபுல்காசிம் மரைக்காயரை நூலினுள் பல இடங்களில் நன்றியுடன் குறித்தார். ஒப்பந்தம் எழுதி அவர்கள் பாடவில்லை. எங்கே, எத்தனை முறை என்பதைப் புலவரே முடிவு செய்தனர்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் ஒருபடி மேற்சென்றார். அதியமான் தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்ப, அதனை ஏற்க மறுத்தார். கலையை அறிந்து தருவதே பரிசில். அறியாது தருவது கூலி என்பது அவர் கருத்து எனலாம்.

இந்நோக்கில் இன்றைய நிகழ்ச்சிகள் சில கருதத்தக்கன. பெயர் அறியப்படாத நாளில் தமக்கு மட்டை தந்துதவிய ஜலந்தர் நிறுவனத்தின் முத்திரையை மகேந்திரசிங் தோனி 2019 உலகக் கோப்பையில் பணம் பெறாது தாங்கினார். 2024இல் ராஞ்சியில் நண்பர் நடத்தும் சிறு கடையின் பெயரைப் பயிற்சியின்போது தம் மட்டையில் ஒட்டிக்கொண்டார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், தம்மை ஆளாக்கியவரின் பெயரெழுத்துகளாகிய ‘ஜேபி’ என்பதைத் தம் பெயரொடு சட்டையில் பொறித்து ஆடினார். இவை சடையப்பர் வரிசையில் வைக்கத்தக்கவை. ஊர்ப்பெயருக்கு முன்னே நிறுவனப்பெயர் நிற்கும் வழக்கமோ வேறு. தமிழ்நாடு பிரீமியர் லீகில் 2018இல் ‘ரூபி திருச்சி வாரியர்ஸ்’ எனவும், 2023இல் ‘பால்சி திருச்சி’ எனவும் நம் ஊர் அழைக்கப்பட்டது.

மட்டை இல்லாத விளையாட்டுகளின் நிலை இரங்கத்தக்கது. திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 2018 ஜகார்த்தாவில் தொடரோட்டத்தில் வெள்ளி வென்ற அணியில் ஓடினார். ஓடுபவன் கையில் ஒட்டுவதற்குப் பலகை ஏது?

சென்ற பருவத்தில் நம் அணி மாணவர் சிலர் துறைக்கு வந்து, மட்டைகள் வாங்க வணிகர் ஒருவருக்கு விண்ணப்பம் எழுதித்தர வேண்டினர். நல்ல தமிழில் இருந்தால் மறுக்கமாட்டார் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆற்றுப்படை பாடும் வேலை நமக்கு வாய்த்தது! இணையவழிப் பணவிளையாட்டு நிறுவனம் ஒன்றை நாடலாமே என்றும் ஒருவர் சொன்னார். கூடாது என்றோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்ததையும், அதனால் இந்திய அணியே அவ்வாண்டு ஆசியக் கோப்பையில் ஆதரவாளர் பெயரின்றி ஆடியதையும் எடுத்துரைத்தோம். சட்டம் வராதிருப்பினும் நம் விடை அதுவே. தோற்பவர் பணத்தில் வாங்கிய மட்டை மாணவர் கைக்கு ஆகாது.

விண்ணப்பத்தில் அணியினரின் ஊர், ஆடும் திறன், இருக்கும் மட்டைகளின் நிலை ஆகியவற்றை மட்டும் எழுதினோம். வணிகர் முதலில் ஆட்டத்தைக் காண வேண்டும் என்றார். பெருஞ்சித்திரனார் மகிழ்ந்திருப்பார். ஒரு மாலை முழுதும் திடலில் அமர்ந்து பார்த்துவிட்டு, மூன்று காசுமீர மட்டைகளும் ஓர் ஆங்கில வில்லோ மட்டையும் தருவதாக ஒப்பினார். தம் கடைப்பெயர் மட்டையில் எவ்வளவு பெரிதாக வரும் என்று பின்னர் வினவினார். கம்பர் கணக்கைச் சொன்னோம். ஆயிரத்திற்கு ஒன்று போதாது, முதலில் நினைத்த நூற்றுக்கு ஒன்றே இருக்கட்டும் என்று அவர் நகைக்க, கைப்பிடிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்திற்கு இரு தரப்பும் இசைந்தன.